மீட்டிங் ஆரம்பித்தால் மடிக்கு வரும் பூனை

தெருவில் பிறந்த பூனைக்குட்டியைப் பழக்கி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறவர்களைக் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் கையிலும் கீறல் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

முதல் கடி

காக்ஸ் டவுனில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார ஸ்டெல்லா ஆன்ட்டி. அவர் கார் ஷெட்டில் ஒரு சாம்பல் நிறக் குட்டி ஒளிந்திருந்தது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. கருவாடு வைத்துக் கூண்டில் பிடித்து, டவலைச் சுற்றித் தூக்கியும் என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது.

குட்டியாக இருக்கும்போதே பழகாத பூனை பிறகு பழகுவது கஷ்டம். சீறுகிற பூனையை யாரும் எடுக்க மாட்டார்கள். மறுபடி தெருவில்தான் விடவேண்டும். எங்கள் தெரு நாய்கள் அதை விட்டுவைக்காது. நான் ஊசி போட்டுக்கொண்டு, அப்படியே மார்க்கெட்டுக்குக் கிளம்பியதைப் பார்த்து ஆன்ட்டி சொன்னார்: "புருஷன் கடிச்சா போலீஸுக்குப் போவ. இது கடிச்சா மீன் வாங்கப் போறியா?"

லேப்டாப்பில் கோளாறு

குட்டியை முறைத்துப் பார்க்கக்கூடாது, துரத்தக்கூடாது. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் சாப்பாட்டை வைத்து, பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அதனிடம் என்ன பேசுவது? வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற எனக்குத்தான் நாள் முழுக்க மீட்டிங் இருக்கிறதே. லேப்டாப்பைத் தரைக்கு இறக்கினேன். மீட்டிங் தொடங்கும்போதெல்லாம் முழங்கால் பக்கம் அவித்த மீன்.

மற்ற நேரத்தில் அலமாரிக்கு அடியிலிருந்து சீறும் குட்டி, நான் இங்கிலீஷில் அளக்க ஆரம்பித்ததும் மெல்ல வரும். ஒருநாள் மடியில் ஏறிக் குர்குர் என்றது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் எங்கள் ஓசூர்க்கார மேனேஜர் தமிழில் சொன்னார்: "உன் லேப்டாப் ஃபேன் கரகரங்குதும்மா, ரிப்பேருக்கு டிக்கெட் போட்டுடு."

பெண் பார்க்கும் படலம்

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ரோஸலின் டீச்சர் குட்டியைப் பார்க்க வந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். பஜ்ஜி கூடப் போட்டிருந்தேன். பெண்தான் அலமாரியை விட்டு வரவில்லை. கொஞ்சினேன், மீனைக் காட்டினேன், சீறியது. "புடிக்கலேன்னா வுட்டுடும்மா" என்று டீச்சர் எழுந்துவிட்டார். வேறு யாரும் கேட்டு வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கால். "யெஸ், கேன் யூ ஹியர் மீ, ஐ யாம் ஷேரிங் மை ஸ்க்ரீன்" என்று இங்கிலீஷில் தொடங்கினேன். வாலைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தது குட்டி. அப்போதுதான் உறைத்தது: நான் அதை மனிதர்களுக்குப் பழக்கவில்லை, மீட்டிங்குக்குப் பழக்கியிருக்கிறேன். ஆபீஸ் கால் முடிந்த பிறகும் வாய்க்கு வந்ததைப் பேசியபடியே குட்டியை டீச்சர் மடிக்கு மாற்றினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அது விறைத்தது.

டீச்சர் புரிந்துகொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "குட் மார்னிங் சில்ட்ரன், ஓபன் யுவர் புக்ஸ்" என்று நிதானமாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். குட்டி கண்ணை மூடிக் குர்குர் என்றது. அதன் தலையைத் தடவியபடி டீச்சர் சொன்னார்: "ரிடையர் ஆனப்புறம் நான் பேசறத ஒருத்தரும் இப்படி உக்காந்து கேக்கலம்மா."

இப்போது மீட்டிங்கில் என் மடி காலி. நான் பேசுவதை ஆசையாகக் கேட்ட ஒரே ஜீவன், ரிச்சர்ட்ஸ் டவுனில் இங்கிலீஷ் கிராமர் படித்துக்கொண்டிருக்கிறது.