கயிற்றுக்கு அப்பால் இரண்டடி

மெல்பர்ன் பொயிண்ட் குக்கில் வசிக்கும் நானும் என் கணவரும் போன கோடை விடுமுறையில் பிலிப் தீவுக்குப் போயிருந்தோம். அங்கே கடலோர மலைமுகட்டில் பறவைகள் கூட்டமாக வாழும் இடத்தை ஒட்டி, ஓரமாகக் கயிறு கட்டிய ஒரு நடைபாதை உண்டு. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் நடந்தோம்.

கணவரை நிறுத்திப் படமெடுத்தபோது, கடலில் தூண்போல் நிற்கும் பாறை முழுதாக விழவேண்டும் என்று, "இன்னும் ரெண்டடி பின்னால போங்க" என்றேன். அவர் கயிற்றைத் தாண்டிப் புல்லில் கால் வைத்ததும் தரை உள்வாங்கியது. ஒரு கால் முழங்கால்வரை புதைய, மல்லாக்க விழுந்தார். அவர் தலையிலிருந்து மலை விளிம்புக்கு ஓர் ஆள் நீளம்கூட இல்லை.

அலறியபடி ஓடப் போனேன். பின்னால் வந்த இலங்கைத் தமிழ் ஆன்ட்டி ஒருவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"ஓடாதேங்கோ பிள்ளை! உதெல்லாம் பறவை தோண்டின பொந்து, நீங்களும் விழுவியள்." பிறகு என் கணவரைப் பார்த்து, "தம்பி, எழும்பாதேங்கோ! காலை மெல்ல இழுத்து, குப்புறப் படுத்து ஊர்ந்து வாங்கோ" என்றார்.

அவர் ஊர்ந்தபோது விளிம்பில் ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது.

பாதைக்கு வந்ததும் அவர், "உள்ள ஏதோ காலைக் கொத்திச்சு. குஞ்சு செத்திருக்குமோ?" என்றார். பூங்கா ஊழியர்களிடம் இடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இப்போதெல்லாம் யாரைப் படமெடுத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்கிறேன். பாறையின் உச்சி படத்தில் விழாவிட்டால் போகட்டும்.