கதை தெரியாமல் நடித்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை பகலில், கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நாவலைப் படமாகப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, உட்கார்ந்திருந்தேன் என்பது சரி.

நாவல் பழசு. மலையிலிருந்து ஒரு விசித்திரமான பனிமூட்டம் இறங்குகிறது. அதைச் சுவாசித்தவர்களுக்கு அவரவர் சாதி மட்டும் மறந்துபோகிறது. இவ்வளவுதான் கதை. இதற்கு வந்த மிரட்டல், வழக்கு, விளக்கக் கூட்டம்... போதும்டா சாமி என்றாகி, அப்புறம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை.

பண்ணைப்புரத்துப் பெண் செல்வி அதைத்தான் கையில் எடுத்தாள். பரிசோதனைப் படம். இசை கிடையாது, வசனம் சொற்பம். நடித்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். யாருக்கும் முழுக் கதை தெரியாது. அவரவர் காட்சியை மட்டும் சொல்லி நடிக்க வைத்திருக்கிறாள்.

முக்கிய வேடம் பாண்டியனுக்கு. வாழைக்காய் வியாபாரி, செல்வியின் அப்பாவுக்குச் சிநேகிதர். தன் திராட்சைத் தோட்டத்தையும் ஷூட்டிங்குக்குக் கொடுத்தவர். அவர் மகள் தேன்மொழி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தேனிக்குப் போனவள். அன்றோடு பேச்சு அறுந்தது. அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் — செல்வியோடு கூடப் படித்தவள், அழைப்பும் செல்வியுடையது.

திரையில், பனிமூட்டமாகப் புகை சூழ்ந்த திராட்சைப் பந்தலுக்கடியில் பாண்டியன் வருகிறார். எதிரே மகளாக நடிக்கும் பெண், பக்கத்தில் அவள் புருஷன். எதற்காக வெறுத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. அவள் தலையைத் தடவி, "என்னாத்தா, இப்படி எளச்சுப் போன?" என்கிறார்.

படம் முடிவதற்குள் பாதி மண்டபம் காலி. புரியவில்லை என்றவர்கள் பரவாயில்லை. புரிந்தவர்கள் முறைத்துக்கொண்டு போனார்கள். செல்வி ஒயர் சுருட்டுகிற சாக்கில் தலையைத் தூக்கவே இல்லை.

பாண்டியன் என்னிடம் வந்தார்.

"இதுதான் கதைன்னு யாரும் சொல்லலையே சார்."

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்." பிறகு தணிந்த குரலில், "அங்கன நின்னு அதைச் சொல்லயில, எனக்கு எம் மக மொகந்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

அவரோடு வாசலுக்கு நடந்தேன்.

வெளியே தூறல். தேன்மொழி ஆட்டோவுக்காக நின்றாள். பாண்டியன் அவள் பக்கத்தில் போய்ச் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. எதிர் டீக்கடையில் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

"நனையாத. கார்ல ஏறு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். ஏறினாள்.

மறுநாள் செல்வி போன் செய்தாள். கார் போனது வீட்டுக்கு இல்லையாம், பஸ் ஸ்டாண்டுக்கு. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"ஆனா பஸ் கெளம்புற வரைக்கும் அவ அப்பா நின்னுக்கிட்டே இருந்தாகளாம் சார்."

சயின்ஸ் இப்போதைக்கு அவ்வளவு தூரம்தான் போயிருக்கிறது.