அண்ணியின் நோஞ்சான்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருத்தி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் அதற்கு முன்னால் என்ன பாடு படவேண்டியிருக்கிறது என்பது உட்கார்ந்தே பழகியவர்களுக்குத் தெரியாது. காலையில் எழுந்து இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து, மகளின் பள்ளிச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டு, மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாக டப்பாவில் பிரித்து வைத்து, வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கணவருக்கு ஒரு பாட்டம் ஒப்பித்துவிட்டு, அப்புறம்தான் அண்ணி மாடிப்படி ஏறுவாள். ஏறிப் பத்து நிமிடம் ஆவதற்குள் கைபேசி அடிக்கும். நகவெட்டி எங்கே என்று கீழேயிருந்து கணவர் கேட்பார். ஆயுள் முழுக்க அவருக்கு நகவெட்டி ஒரே டிராயரில்தான் இருந்து வருகிறது.

மாடியில் இருப்பது கொழுந்தனின் அறை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவன். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு அண்ணன் வீட்டில், அதாவது அண்ணி கையில். ஞாயிறுதோறும் அவன் அறையில் ஒரு விளையாட்டு நடக்கும். அவன் கதை சொல்வான்: இதோ ஒரு குகை, இதோ ஒரு பாலம், பாலத்தை ஒரு அரக்கன் காவல் காக்கிறான். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, என் ஆள் இதைச் செய்கிறான் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட, ஆள் குறைகிறது என்று கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்று கெஞ்சினான். குகையும் அரக்கனும் அண்ணிக்குத் தேவைப்படவில்லை. மாடியில் மெத்தை வைத்த நாற்காலி இருக்கிறது, சாத்திக்கொள்ளக் கதவு இருக்கிறது என்பதற்காகச் சம்மதித்தாள்.

அங்கே இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், வாரம் முழுவதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து வலது முழங்கால் போனவர். இன்னொருத்தி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சின்னப் பெண். கொழுந்தன் அண்ணி என்று கூப்பிட்டதால் எல்லோருக்குமே அவள் அண்ணியானாள். ஐம்பது தாண்டிய டிரைவிங் ஸ்கூல்காரரும் கூச்சமில்லாமல் அண்ணி என்றார்.

ஆடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு ஆளை உருவாக்க வேண்டும். அதை அவர்கள் ‘ஆள் உருட்டுவது’ என்றார்கள். ஆளுக்கு ஆறு குணம்: பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். மூன்று வந்தால் பரிதாபம், பதினெட்டு வந்தால் யோகம். அந்த மேஜைக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் உருட்ட வேண்டும், விழுந்தது விழுந்ததுதான், அந்த ஆள் சாகும்வரை வேறு ஆள் கிடையாது. இந்தச் சட்டம் வரக் காரணம் டிரைவிங் ஸ்கூல்காரர். ஒரு முறை அவர் வீட்டிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன் என்று, பதினேழுக்குக் குறையாத ஒரு ஆளைக் கூசாமல் மேஜையில் வைத்தார். அவர் செய்த தில்லுமுல்லுக்குத் தண்டனை அண்ணியின் தலையில் விடிந்தது.

அண்ணி உருட்டினாள். பலம் நான்கு. சுறுசுறுப்பு ஆறு. தாங்கும் சக்தி ஐந்து. அறிவும் விவேகமும் ஏதோ ஏழு, எட்டு என்று மானத்தைக் காப்பாற்றின. வசீகரத்துக்கு மூன்று பகடையும் ஒன்று ஒன்றாக விழுந்து அவளைப் பார்த்து இளித்தன.

மறுபடி உருட்டுகிறேன் என்றாள். கூடாது என்றான் கொழுந்தன். மூன்று வேளையும் தட்டை நீட்டுகிற கையால் சட்டப்புத்தகத்தை நீட்டுகிறானே என்று அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. புதுசாக வந்தவளுக்கு ஒரு சலுகை கூடவா கிடையாது என்று கேட்டுப் பார்த்தாள். மருந்துக்கடைப் பெண் அவளுக்காகப் பரிந்து பேசினாள். அவன் மசியவில்லை.

“அந்த ஆள் செத்தா புதுசு உருட்டலாம் அண்ணி. அதுவரைக்கும் இதுதான்.”

“சரி,” என்றாள் அண்ணி. “இன்னிக்கே சாகடிச்சிடறேன்.”

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துத்தான் சலவை இயந்திரத்தின் டிரம்மில் போட வேண்டும். உள்ளே கத்தரிக்கோல் இருக்கும், யாருடைய பல்செட்டாவது இருக்கும். உதறாமல் போட்டு டிரம் பழுதானால் கேள்வி அவளிடம்தான் வரும். வேறு பிரிவில் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆட்களை அவளிடம் அனுப்புவார்கள். சக்கரம் கோணி இடதுபக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும் டிராலியை யாரும் தொடமாட்டார்கள், அதை அவள்தான் தள்ளுவாள். புதிதாக ஒரு வார்டு திறந்தபோது அந்தச் சலவையையும் அவள் தலையில் கட்டிய நிர்வாக அதிகாரி, ஆள் கேட்டதற்கு, “உங்களுக்கென்னம்மா, நீங்க தாங்கிப்பீங்க” என்று சிரித்தார். மாமியார் படுக்கையில் விழுந்தபோது நாத்தனாரும் இதையேதான் சொன்னாள். இப்படிப்பட்டவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுதாவது கதவை ஒரே உதையில் பெயர்க்கிற, ஒருத்தனை ஒற்றைக் கையால் தூக்கி எறிகிற பெண்ணாக இருந்து பார்க்க ஆசை வந்தது. பொய்க்குக்கூட அது வாய்க்கவில்லை என்றால் ஆத்திரம் வராதா?

எனவே அவள் சாகப் புறப்பட்டாள். தன் ஆளுக்கு நோஞ்சான் என்று பெயர் வைத்து, இருட்டுக் குகைக்குள் அதை எல்லோருக்கும் முன்னால் நடக்கவிட்டாள். டிரைவிங் ஸ்கூல்காரரின் வீரன் பாய்ந்து வந்து இடையில் நின்று, இருட்டிலிருந்து பாய்ந்த அம்பைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். அண்ணி பெயர் தெரியாத பச்சைத் திரவத்தை எடுத்துக் குடித்தாள். மருந்துக்கடைப் பெண் தன்னிடம் கடைசியாக இருந்த மருந்தை ஊற்றிப் பிழைக்க வைத்தாள். அண்ணி பாலத்து அரக்கனிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடிக்க ஓங்கிய அரக்கனுக்குப் பகடையில் வெறும் ஒன்று விழுந்தது, அவன் தடுக்கித் தானே ஆற்றில் விழுந்தான். மேஜையில் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நிம்மதியாகச் சாகக்கூட விடாத கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துபோனாள்.

அதோடு விட்டார்களா? நோஞ்சானின் மூட்டையை வாங்கி அவரவர் முதுகில் மாட்டிக்கொண்டார்கள். ஏற்றம் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டார்கள். குளிர்ந்தால் போர்வையைக் கொடுத்தார்கள். எந்த முடிவெடுத்தாலும் முதலில் அவள் பக்கம் திரும்பி, “முடியுமா அண்ணி? கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?” என்று கேட்டார்கள். இதையெல்லாம் அவள் அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஞாயிறு மாலை படியிறங்கும்போது முதுகு ஏனோ இலேசாக இருந்ததை மெத்தை நாற்காலியின் கணக்கில் எழுதினாள்.

கடைசியில் நோஞ்சான் செத்தது, அவள் சாக முயற்சி செய்யாத ஒரு நாளில். பாழுங்கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டியிருந்தது. பலம் நான்கு, பிடி வழுக்கியது, அவ்வளவுதான். மருந்துக்கடைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர், உடலை அங்கேயே விட்டுவிட்டு வரமாட்டேன், தூக்கிக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடித்தார். அண்ணியோ பகடைக்குக் கை நீட்டிக் காத்திருந்தாள்.

இந்த முறை பலம் பதினெட்டு. தாங்கும் சக்தி பதினேழு. மற்றதும் குறைவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் விழுந்ததால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார். அன்று அண்ணி ஒரு கதவை உதைத்தாள், அது பெயர்ந்து விழுந்தது. ஒரு திருடனைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். பல வருடமாக இப்படிச் சிரித்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது.

அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிறைத் தாண்டவில்லை. முதலில் கூடாரத்தை அவள் முதுகில் ஏற்றினார்கள். பிறகு சட்டி பானை, கயிறு, பிடித்து வைத்த கைதி. ஏற்றம் வந்தபோது டிரைவிங் ஸ்கூல்காரரின் வீரன், முழங்கால் வலி என்று சொல்லி அவள் தோளில் ஏறிக்கொண்டான். விளையாட்டில் அவனுக்கு முழங்கால் வலியே கிடையாது. இருட்டு வந்தால், “அண்ணி, நீங்க முன்னாடி போங்க.” சண்டை வந்தால், “அண்ணி, நீங்க பாத்துக்கோங்க.” வெட்டுப்பட்டு ரத்தம் ஒழுகினாலும் முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளாகவே கொஞ்சம் மருந்து கேட்டாள். மருந்துக்கடைப் பெண் மிச்சமிருந்த புட்டியைப் பத்திரமாக உள்ளே வைத்தபடி, “உங்களுக்கு எதுக்கு அண்ணி, நீங்க தாங்கிப்பீங்க” என்றாள்.

அந்த வார்த்தையோடுதான் அன்று அண்ணி படியிறங்கினாள். திங்கட்கிழமை கோணல் டிராலியைத் தள்ளும்போதும், கீழே விழுந்த விரிப்புகளைப் பொறுக்கி மறுபடி அடுக்கும்போதும் அதுவே காதில் ஒலித்தது. அழுகை வந்தது, அழ நேரமில்லை. நோஞ்சானாக இருந்த அத்தனை ஞாயிறும் இந்த உலகத்திலேயே அந்த ஒரு மேஜையில்தான் தன்னை மற்றவர்கள் தூக்கிச் சுமந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் அந்தப் பச்சைத் திரவத்தைக் குடித்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு அசாத்தியக் கோபம் வந்தது. இனி அந்த மேஜையும் போய்விட்டால், அவளுக்கென்று இருந்த ஒரே இடம் போய்விடும்.

ஞாயிறு வந்தது. குகையின் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. மூன்று பேரும் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார்கள். அண்ணி பகடையைத் தொடவில்லை.

“என் ஆளு உக்காந்துட்டா,” என்றாள்.

கொழுந்தன் புரியாமல் பார்த்தான். அடிபட்டிருக்கிறதா என்று தன் தாளைப் புரட்டினான். இல்லை. மயக்கம், மந்திரம் எதுவுமில்லை. பலம் பதினெட்டு, தாங்கும் சக்தி பதினேழு. “எதுக்கு அண்ணி உக்காரணும்?”

“முடியல.”

“பதினேழுக்கு முடியாமப் போகாதே அண்ணி.”

“முடியலன்னு சொல்லக் கூடாதுன்னு உன் புக்ல எங்கடா இருக்கு? காட்டு.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கண் நிரம்பிவிட்டது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. கொழுந்தன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மருந்துக்கடைப் பெண், மருந்துப் புட்டி என்று எழுதியிருந்த சீட்டை மேஜையில் அவள் பக்கம் தள்ளினாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீரன் அவள் தோளிலிருந்து இறங்கிவிட்டதாக அறிவித்தார். அண்ணியின் மூட்டையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். போதவில்லை. அந்தப் பெண்ணையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி மறுபடி உருட்டினார்.

அப்போது கைபேசி அடித்தது. கீழேயிருந்து கணவர். அண்ணியின் கை பழக்கத்தில் அதை நோக்கி நீண்டது. கொழுந்தன் முந்திக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டான்.

“அண்ணா,” என்றான், “அண்ணி உக்காந்திருக்காங்க. நீயே தேடிக்கோ.”