இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசல்

எங்கள் ஜீப்புக்கு நான் வைத்த பரீட்சையில் பாஸ் மார்க் பதினொன்று. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தால் வண்டி எங்களோடு இருக்கும். கொடுக்காவிட்டால் சிவகிரியில் இருக்கும் என் சித்தப்பா மகன் மறுநாளே வந்து விலை கொடுத்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நான் தென்காசியில் கணக்கு டீச்சர். முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ் என்றால் முப்பத்து நான்குக்கு நான் பாஸ் போட்டதில்லை. அது என் கணவருக்கும் தெரியும்.

பழைய டீசல் ஜீப் அது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். பண்பொழிக்கு மேற்கே மலையடியில் எங்களுக்கு ஒரு சின்ன எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. கடைசிக் கொஞ்ச தூரம் ரோடு கிடையாது, ஓர் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். சாரல் விழுந்துவிட்டால் அந்தச் சேற்றில் மாடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். ஜீப் இல்லையென்றால் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லையென்றால் அவர் என்ன ஆவார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாத்திரக் கடையை மூடிய பிறகு ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் பசியே தெரியாதவர் மாதிரி கிடப்பார். அந்த மனிதரை எழுப்பி உட்காரவைத்தது எலுமிச்சைதான், நான் இல்லை.

எல்லாம் தெரிந்துதான் பரீட்சை வைத்தேன். காரணம் ரொம்பப் பெரியது ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், "நம்ம வண்டி பன்னெண்டு குடுக்குது" என்று பெருமை பேசுவார். ஒருநாள் நானே டேங்க்கை நிரப்பி, தீர்ந்ததை மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தேன். எட்டு வந்தது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். சொன்னேன். அதற்கு அவர், "ஒனக்கு அளக்கத் தெரியலட்டி. கணக்கு தப்பு" என்றார். என் மாமியார், நாத்தனார் எல்லாரும் இருக்கும்போது சொன்னார். பதினெட்டு வருஷமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறவளைப் பார்த்து! அன்றைக்கே சிவகிரிக்குப் போன் போட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்க அவர் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். டயர்களில் காற்று குறைவாக இருந்ததாம், சரிசெய்தார். மேல் கேரியரைக் கழற்றினார். டூல்ஸ் பெட்டி, மண்வெட்டி, இழுவைச் சங்கிலி எல்லாம் வீட்டு முற்றத்துக்கு வந்தன. கடைசியில் ஸ்டெப்னியையும் உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். என்னையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "நான் வருவேன். நான்தான் அம்பயர்" என்றேன்.

எட்டு வந்ததற்கு உண்மையான காரணத்தை அவரே கண்டுபிடித்தார். இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் ஒரு திருகு இருக்கிறது. சேற்றில் போகும்போது அதைக் கையால் திருகிப் பூட்டினால்தான் முன்சக்கரமும் இழுக்கும். சேறு தாண்டியதும் இறங்கி அதைத் திரும்ப விட வேண்டும். மழையில் நனையச் சோம்பல்பட்டு இவர் அதை விடுவதே இல்லை. தார் ரோட்டிலும் முன்பக்க இரும்பையெல்லாம் சும்மா சுழற்றிக்கொண்டே எஞ்சின் ஓடியிருக்கிறது. "பாத்தியா, வண்டி மேல தப்பில்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்க்குக்குப் போனோம். டீசல் போடும் பெண், "எவ்வளவு அண்ணாச்சி?" என்றாள். "கழுத்து வரைக்கும்" என்றார். குழாய் தானாக நின்ற பிறகு வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். நுரை அடங்கி டீசல் இறங்கியது. மறுபடி ஊற்றச் சொன்னார். வாய் விளிம்பில் டீசல் பளபளவென்று தெரிந்தபோது நான் கையைக் காட்டினேன். திரும்பி வந்து இதே பங்க்கில், இதே விளிம்பு வரைக்கும். அதுதான் பேச்சு.

ஆரியங்காவு வரை போய்த் திரும்புவது என்று முடிவு. அவர் நேரே செங்கோட்டை ரோட்டில் திருப்பினார். "குத்தாலம் வழியாப் போங்க" என்றேன்.

"சீசன் கூட்டம்ட்டி. நின்னு நின்னு போனா மைலேஜ் என்னத்துக்கு ஆகும்?"

"தெனமும் நின்னு நின்னுதானே போறோம்? பரிச்சைக்கு மட்டும் காலி ரோடா?"

குற்றாலத்துக்குத் திருப்பினார். கூட்டமென்றால் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு துண்டோடு ரோட்டைக் கடக்கிறவர்கள், ரம்புட்டான் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி விற்கிறவர்கள், வேன்கள். பிரேக் மிதித்த ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்தார். வண்டி நின்றால் எஞ்சினை அணைத்தார். நகர்ந்தால் போட்டார். மெயின் அருவிப் பக்கம் சாரல் முகத்தில் அடித்தது. வழக்கமாக அந்த இடத்தில் எதையாவது பாடுவார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இந்த மனிதரைப் போய் இப்படி உட்காரவைத்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. "கணக்கு தப்பு" ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி ஏறியது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், வகுத்துக்கொண்டிருந்தார். ஆரியங்காவில் டீ குடித்தோம். கிளாஸ் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டார். "பத்தும் வராது போலட்டி" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது கேட்ட குரல். பயமாக இருந்தது. பரவாயில்லை, விடுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, டீயைக் குடித்து முடித்தேன்.

இறக்கம் தொடங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. முதலில் என்ன என்று புரியவில்லை. மழைத்தூறல் தார்ப்பாயில் விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது. டயர் ஈரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. மற்றபடி வண்டி ஊமையாக ஓடியது.

"என்ன செய்யுதீங்க?"

"நியூட்ரல். எஞ்சின ஆஃப் பண்ணியாச்சு. கீழ வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல."

"அணைச்சா பிரேக் பிடிக்காதுன்னு நீங்கதானே எங்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"ரெண்டு மூணு மிதி பிடிக்கும். அதுக்குள்ள கீழ போயிரலாம். நீ பேசாம வா."

அவர் சொன்னது சரிதான். எஞ்சின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு முழுப் பலமும் கிடைக்கும். அணைத்துவிட்டால் சேர்ந்திருக்கிற பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். முதல் வளைவில் ஒன்று போனது. அடுத்த வளைவில் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், இன்னொன்று போனது. நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மலை சரசரவென்று பின்னால் போனது. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். கேட்கவில்லை. அவர் முகத்தில் ஒரு வெறி, சின்னச் சிரிப்புக்கூட இருந்தது.

அப்போதுதான் கீழே வளைவில் அந்த லாரி தெரிந்தது. கேரளாவுக்குப் போகிற வைக்கோல் லாரி. பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரியே தெரியாது, வைக்கோல் மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் பிதுங்கி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு மெதுவாக ஏறியது. வளைவை அகலமாக எடுத்து எங்கள் பக்கம் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். எழுந்து நின்று மிதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பெடல் கல்லாகிவிட்டது. "பிடிக்க மாட்டேங்குதுட்டி" என்றார். சின்னப் பிள்ளை சொல்வது போல என்னிடம் சொன்னார்.

"கியர்ல போடுங்க! கியர்ல போடுங்க!" என்று கத்தினேன். எனக்கு ஸ்கூட்டரும் ஓட்டத் தெரியும், அவர் கூட இருந்து கற்றுக்கொடுத்து இந்த ஜீப்பும் ஓட்டத் தெரியும். கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். அவர் கியரைத் தள்ளிக் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்தது. எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. வைக்கோல் என் கணவரின் தோளையும் கன்னத்தையும் உரசிக்கொண்டு போனது, ஜீப்புக்குள் முழுக்க வைக்கோல் வாசம். இடது சக்கரங்கள் மலைப் பக்கத்துச் சாக்கடையில் இறங்க, மண் சுவரில் மோதி நின்றோம்.

"சாகதுக்கு வேற எடம் கெடைக்கலியாலே?" என்று லாரிக்காரர் மேலே இருந்து கத்தினார். ஏற்றத்தில் நிறுத்த முடியாமல் போய்க்கொண்டே கத்தினார்.

யாருக்கும் அடி இல்லை. என் நெற்றியில் மட்டும் கம்பி இடித்து வீங்கியிருந்தது. அவர் கையை நீட்டி அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். எனக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்த அத்தனை வசவும் நாக்கில் நின்றது. ஆனால் என் பல் கிடுகிடுவென்று ஆடியதில் ஒன்றும் வெளியே வரவில்லை. ஒருவழியாக அவர் இறங்கிப்போய், முன்சக்கரத் திருகுகளைப் பூட்டினார். நான்கு சக்கரமும் இழுத்து வண்டி சாக்கடையிலிருந்து ஏறியது. மறுபடி இறங்கித் திருகுகளை விட்டார். மழை பெய்தது, நனைந்துகொண்டே விட்டார்.

தென்காசி வரை எஞ்சினை அணைக்கவே இல்லை.

பங்க்கில் அதே பெண் குழாயை வைத்தாள். நான் மீட்டரைப் பார்த்தபடி நின்றேன். குழாய் தானாக நின்றதும் மனதுக்குள் வகுத்தேன். பன்னிரண்டரைக்கு மேல் வந்தது. வண்டியை ஆட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றி, டீசல் விளிம்புக்கு வந்தபோது பன்னிரண்டேகால். பாஸ். நல்ல பாஸ். நான் கையைக் காட்டினேன்.

அவர், "இன்னும் ஊத்தும்மா" என்றார்.

"நெறஞ்சுட்டு அண்ணாச்சி."

குழாயை அவர் கையிலேயே வாங்கி அழுத்தினார். டீசல் வழிந்து ஜீப்பின் பக்கவாட்டில் ஓடி அவர் செருப்பில் கொட்டியது. அந்தப் பெண் ஐயோ என்றாள். மீட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு, பதினொன்றரை என்று என் மனக்கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் காதோரம் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. அவர் பார்வை மீட்டரில் இல்லை, என் நெற்றியில் இருந்தது. என்ன செய்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னைத் தானே ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார்.

குழாயைப் பிடுங்கி மாட்டினேன்.

"எவ்வளவு வந்துது?" என்றார்.

"கீழ சிந்துனதெல்லாம் கணக்குல வராது."

"வித்துருவோம்ட்டி. எனக்கு இந்த வண்டி வேண்டாம். ஒன்னையக் கொன்னுருப்பேன்."

"வண்டி என்ன பாவம் செஞ்சுது? சாவிய இங்க தாங்க" என்றேன். தந்துவிட்டார். சிவகிரிக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னேன். மைலேஜ் எவ்வளவுக்கா என்று கேட்டான். பரீட்சை கேன்சல் என்றேன். பிறகு வீட்டுக்குப் போய் ஸ்டெப்னியைத் திரும்ப மாட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்கு ஓட்டினேன்.

இப்போது இறக்கம் எங்கே வந்தாலும் நான்தான் ஓட்டுகிறேன், எஞ்சினை அணைக்காமல், கியரிலேயே. ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கிறது. கொடுக்கட்டும். அவர் பக்கத்து சீட்டில் வருவார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தானாக நீண்டு, பெடல் இல்லாத வெறும் தகரத்தை அழுத்தி மிதிக்கும்.