தேன்சிட்டுக்கு ஒரு கனத்த குரல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள். மகன் வேண்டாமென்று விட்டுப்போன லேப்டாப்புகள் இரண்டு. ஒன்றின் திரை நிற்காது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். இன்னொன்றில் பாதி எழுத்து அழுந்தாது. இரண்டிலும் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப் பல நாளாயிற்று. அதனால் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதை எதில் செருகுகிறேனோ அது கண்விழித்து, நேற்று நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். புதுசு வாங்கி அனுப்புகிறேன், அதையெல்லாம் தூக்கிப் போடு என்று மகன் போனில் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுகிற ஒன்றை எதற்கய்யா தூக்கிப் போடுவது?

பேட்டரி மட்டும் இரண்டிலும் சுத்தமாகப் போய்விட்டது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. அப்போது நாங்கள் இருந்தது நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில். அங்கே கரண்ட் போகாது. கரண்ட் தயாராகிற ஊரில் யார் இன்வெர்ட்டர் வாங்குவார்கள்? எங்கள் பிளாக்கில் யார் வீட்டிலும் மெழுகுவர்த்தி தேடியதாக எனக்கு நினைவில்லை.

குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. ஜன்னலோரம் லேப்டாப்பைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தால் காலைப்பொழுது போவதே தெரியாது. பலாமரத்து நிழல் திரைமேல் அசையும். தூரத்துப் புகைபோக்கிகள் பனியில் பாதிதான் தெரியும், மேல்பாதி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஷிஃப்ட் சங்கு ஊதி ஓய்ந்ததும் சிட்டு ஆரம்பிக்கும். நான் என்ன செய்ய உட்கார்ந்தேன் என்பதையே மறந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு அது கேட்காது. சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கிற பெல்ட் இரைந்து ஓடுகிற பக்கமே வேலை பார்த்தவர். வயசோ சத்தமோ, கீச்சுக்குரல் எதுவும் இனி காதில் ஏறாது, கனத்த சத்தம்தான் கேட்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, குருவிதான் ஊமை என்று சாதிப்பார். அவரிடம் கத்திக் கத்தியே என் தொண்டை சந்தைக்கடைத் தொண்டை ஆகிவிட்டது.

அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். அந்தச் சிட்டை எப்படியாவது அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. லினக்ஸில் காசில்லாமல் கிடைக்கிற ஒலி மென்பொருள் ஒன்று இருக்கிறது. பதிந்த சத்தத்தை அதில் மெதுவாக ஓடவிட்டால் கீச்சுக்குரலும் கனத்துவிடும். கடைசிக் காலையில் ஜன்னலில் மைக்கை வைத்துப் பதிந்துகொண்டேன். மதியம் சாவியைக் கொடுத்துவிட்டோம்.

புது வீட்டில் மூட்டைகளைக்கூடப் பிரிக்காமல் சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக்கிய பதிவு பென்டிரைவில் ஏறிக்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது. திரையும் கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெருவில் எல்லாரும் பழகியவர்களாக வாசலுக்குக் காற்று வாங்க வந்தார்கள்.

கரண்ட் வந்த பிறகு பென்டிரைவ் எழவில்லை. இன்னொரு லேப்டாப்பில் செருகினேன், அதிலும் எழவில்லை. திரும்பப் போய்ப் பதியலாம் என்றால் அந்த வீடு இனி எங்களுடையதில்லை. அழுதேவிட்டேன்.

"ஒரு குருவிக்கா இப்டி அழுதுகினு கெடக்குற?" என்றார் அவர்.

குருவிக்கில்லை, உங்களுக்குத்தான் என்று கத்தினேன். அது கேட்டது. போய் மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில், பழைய பென்டிரைவ் ஒன்றிலிருந்த லினக்ஸை ஓட்டி, பழுதான டிரைவைச் சரிபார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு கோளாறாகக் காட்டி, சரிசெய்யட்டுமா, சரிசெய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தது. செய்யேன், உன்னை யார் தடுத்தது என்று முணுமுணுத்தபடி அழுத்திக்கொண்டே இருந்தேன். முடிவில், அநாதையாய்க் கிடைத்த கோப்புகளைப் போட்டுவைக்கும் மூலையில், பெயரெல்லாம் போய் வெறும் எண்களோடு சில கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் சிட்டு இருந்தது. கும்பிட்டுவிட்டேன்.

மறுபடி மெதுவாக்கி, அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். தலை லேசாக ஆடத் தொடங்கியது.

"இதுவா இத்தினி நாளா கத்திக்கினு இருந்துச்சு?"

நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் புருவத்தைச் சுருக்கினார். "நடுவுல எவனோ ஒரு ஆளு பேசறான்."

ஹெட்போனை வாங்கி, வேகத்தைச் சரியாக்கிக் கேட்டேன். அது நான். மெதுவாக்கியதில் ஆண்குரலாகிப் போன நான். பதியும்போது சிட்டிடம் ஏதோ சொல்லியிருக்கிறேன், எனக்கே நினைவில்லை. "அவருக்குக் கேக்கலம்மா. நீ பாட்டுக்குக் கூப்ட்டுக்கினே இரு."

நான்தான் அது என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் மறுபடி மெதுவாகப் போட்டேன். கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"எங்கிட்ட நீ இப்டிப் பதமா பேசி எத்தினி வருசம் ஆச்சு," என்றார். குறையாகச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னார்.

லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி வாங்கிவிட்டேன். இப்போதும் காலையில் காபி குடித்ததும் ஹெட்போனோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். சிட்டைப் போடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"அது கெடக்கட்டும். அந்த ஆளப் போடு."