துலாபாரத் தட்டில் விரியாத விரல்கள்

என் மகள் ஆதிராவின் பல் விஷயத்தில் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. அவளுக்கு ஐந்து வயது. பால்பற்கள் பிந்தித்தான் முளைத்தன. அதுவும் குழிகுழியாக, மஞ்சளாக. ஒவ்வொன்றாகச் சொத்தையானது. ஈறு வீங்கினால் கஞ்சிகூடக் குடிக்காமல் அழுவாள். இரண்டு வேளையும் நானேதான் தேய்த்துவிடுகிறேன். பிறகு எப்படி?

வெள்ளறடையில் எங்கள் வீட்டிலேயே யாரோ ஒளித்து மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கணவரின் தங்கை சிந்துவின் பையைத் திறந்து பார்த்தேன். அவள் கண்டுவிட்டாள்.

"மைனி, இனி போலீஸ் நாயைக் கொண்டு வரணும். அதாக்கும் நல்லது."

நெய்யாற்றின்கரை பல் டாக்டர், "மோளுக்குக் கைவிரல் இழுத்துப் பிடிக்கிறது உண்டா? ரத்தம் பார்க்கணும்" என்றார். பல்லுக்கும் விரலுக்கும் என்ன? தேவையில்லாத பரிசோதனை என்று தோன்றியது. "இல்லை" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சிவன் கோயில் நடையில் நின்று அழுதேன். "கள்ளம் யாரிடம் என்று காட்டித் தா" என்று கேட்டேன். பிள்ளையின் எடைக்கு எடை துலாபாரம் நேர்ந்தேன். சர்க்கரை வைக்கப் பயந்து, தேங்காய் என்றேன்.

நேர்ச்சை நாளில் அவளைத் தட்டில் உட்கார வைத்தோம்.

"சங்கிலியைப் பிடி மக்கா."

பிடிக்கவில்லை. அடம் என்று நினைத்து அதட்டினேன்.

"அம்மா, விரல் விரியல்ல."

ஐந்து விரலும் கூம்பி, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. தேய்த்தும் விரியவில்லை. டாக்டர் கேட்டது இதைத்தானே!

நேராகத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிந்துதான் வழியெல்லாம் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைவு. கழுத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் வேலை செய்யவில்லை, அபூர்வமான நோய் என்றார்கள். பற்கள் உறுதியில்லாமல் உருவானதும் அதனால்தான். இன்னும் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கலாமாம்.

இப்போது தினமும் மருந்து. விரல் இழுப்பதில்லை. கடைவாய்ப் பற்களுக்கு உறை போட்டிருக்கிறார்கள். இனி முளைப்பவை எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மாத்திரை அட்டையை நான் இன்னமும் திருப்பித் திருப்பித்தான் பார்க்கிறேன். நேற்று ஆதிரா முறுக்கு கடித்துத் தின்றாள். யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

நான் கள்ளனைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பகவான் என் பிள்ளையின் கையைக் காட்டினார். மனம் தெளிந்த பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தோடேயே போய் நில்லுங்கள். என்னை அவர் விலக்கவில்லை.