பத்மாவின் முழங்காலும் என் வயிற்றெரிச்சலும்

முருகன் பத்மா வேண்டினால் மட்டும்தான் கேட்கிறான் என்று நான் அழாத நாளில்லை. வெட்கத்தை விட்டே சொல்கிறேன், எனக்குப் பொறாமை.

தெலுங்கு பேசும் ஊரில், மாரெட்பள்ளியில் செவ்வாய்தோறும் கூடும் எங்கள் பஜனைக் குழுவில் எனக்கும் அவளுக்கும் மூட்டுவலி. பின்வரிசையில் நாற்காலி போட்டுத்தான் உட்காருவோம். இந்த ஆடியில் திடீரென்று அவள் முன்வரிசைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விளக்கேற்றும் வேலையும் அவளுக்கே போனது.

"என்ன மருந்து பத்மா?" என்றேன்.

"மருந்தெல்லாம் நக்கோ அக்கா, வேண்டவே வேண்டாம், எல்லாம் முருகன்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன குறைந்துபோனேன்? 'முருகா, நானும் தரையில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அவளையும் நாற்காலிக்கு அனுப்பு' என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் மத்தியானம், அவள் ரகசியத்தைத் துப்பறியவே, சுண்டல் கொடுக்கும் சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சோபாவில் கிடந்தாள். கரகரவென்று ஒரு குறட்டை. உதடு நீலம். உலுக்கினேன், அசையவில்லை. பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை.

108-க்குச் சொல்லிவிட்டு, நர்ஸாக இருக்கும் என் மகளை ஸ்பீக்கரில் போட்டேன். இங்கேயே படித்தவள், பதற்றத்தில் முதலில் தெலுங்குதான் வரும். "அம்மா, ஊப்பிரி உந்தா?" மூச்சு இருக்கிறதா என்கிறாள். குறட்டை நின்றிருந்தது, மூச்சும் இல்லை.

"கீழ படுக்க வை! தலைய பின்னால சாச்சு, மூக்கப் புடிச்சு, வாய்ல ஊதும்மா. நிறுத்தாத!"

முன்பு மகள் தலையணையை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தபோது சிரித்தவள் நான். தரையில் மண்டியிட்டேன். 'முருகா, இவள் முன்வரிசையிலேயே இருந்து தொலையட்டும், மூச்சை மட்டும் கொடு' என்று கெஞ்சினேன். என் மூச்சையே எடுத்துக் கொடுத்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊதினேன். ஆஸ்பத்திரியில் எதிர்மருந்து ஊசி போட்டதும் கண் திறந்தாள்.

வாட்ஸ்அப்பில் யாரிடமோ பில் இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையாம். போலி. உள்ளே இருந்தது மூச்சை அடக்கும் போதை மருந்து என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நேரம் தரையில் மண்டியிட்டிருந்தேன், வலியே தெரியவில்லை!

இப்போது அவள் மறுபடி என் பக்கத்து நாற்காலியில். என்னைத் தரையில் இறக்கி, அவளை நாற்காலிக்கு அனுப்பி, நான் கேட்ட இரண்டையும் முருகன் கொடுத்துவிட்டான். ஆனால் செத்துப் பிழைத்தவள் என்று முதல் பிரசாதம் அவளுக்குத்தான் போகிறது. ஊதினவளை யார் கேட்கிறார்கள்?

நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டர் சீட்டோடு, கடையில் பில் போட்டு வாங்குங்கள். மூச்சு ஊத வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள். மனம் சுத்தமாகட்டும், பிறகு வேண்டலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்று என்னை அவள் வாசலுக்குக் கூட்டிப்போனது என் பொறாமைதான்.